மஞ்சள் மூடி

வெள்ளிக்கிழமை, மதியம்

என் அக்கா பெற்ற தங்கமான மருமகளுக்கு, உன் தாய்மாமன் மிகுந்த கோபத்தோடும் அதைவிட மிகுந்த அன்போடும் எழுதுவது.

இங்கே நானும் அத்தையும் நலம். நீயும் நலமாக இருப்பாய் என்று வைத்துக்கொண்டு விஷயத்துக்கு வருகிறேன். ஞாயிற்றுக்கிழமை போனில் நீ கேட்டதற்கெல்லாம் பதில் சொல்லாமல் வைத்துவிட்டேன் என்று முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருப்பாய். போனில் பேசினால் நீ குறுக்கே குறுக்கே கேள்வி கேட்பாய். கடிதத்தில் என்னை யாரும் மடக்க முடியாது. நான் ஏழாம் வகுப்போடு நின்றவன்தான். ஆனால் எட்டாம் வகுப்பு எனக்குத் தேவையில்லை என்று வாத்தியாரே ஒப்புக்கொண்டார். முப்பத்தொரு வருஷம் நகரப் பேருந்து ஓட்டியபோது நான் எழுதிய விபத்து அறிக்கைகளை டிப்போவில் வட்டமாக உட்கார்ந்து வாசிப்பார்கள். ஒன்றில்கூட என் மேல் தப்பு வந்ததில்லை. அப்படிப்பட்ட எழுத்து.

அத்தைக்கு எப்படியிருக்கிறது என்று கேட்டாய். அவளுக்கு என்ன குறை? குளியலறையில் வழுக்கி விழுந்து இடுப்பெலும்பு உடைந்து ஆறு மாதம் ஓடிவிட்டது. ஆபரேஷன் செய்த பெரிய டாக்டர் என்னைத் தனியாகக் கூப்பிட்டு, "இந்த வயசுல இப்படி ஒரு எலும்ப நான் பாத்ததே இல்லங்க" என்று கையைப் பிடித்துக்கொண்டார். இப்போது நடை என்ன, ஓட்டம் என்ன! நீ போன் செய்யும் நேரமாகப் பார்த்துக் கடைக்குக் கிளம்பிவிடுகிறாள். அதற்கு நான் என்ன செய்ய முடியும்?

இனி என் வயிற்றெரிச்சல். நீ இந்த வீட்டில் தங்கிப் படித்த காலத்தில் வாசலில் ஒரே ஒரு தகரத் தொட்டி இருந்தது, எல்லாவற்றையும் அதில் கொட்டினோம், எவனோ வந்து எடுத்துப் போனான், நாமும் நிம்மதியாக இருந்தோம். இப்போது வீட்டுக்கு மூன்று சக்கரத் தொட்டி. சமையல் கழிவுக்குப் பச்சை, காகிதம் பாட்டிலுக்கு நீலம், மற்றதற்கெல்லாம் கறுப்பு. கறுப்புத் தொட்டிக்கு வண்டி இரண்டு வாரத்துக்கு ஒருமுறை, வியாழக்கிழமை. காலை ஆறு மணிக்குள் வாசலில் நிறுத்த வேண்டும். கைப்பிடி வீட்டைப் பார்த்து இருக்க வேண்டும், சக்கரம் நடைபாதையில் ஏறக் கூடாது, பக்கத்தில் தனிப்பை வைக்கக் கூடாது. எனக்குக் கல்யாணம் ஆனபோதுகூட இத்தனை விதி சொல்லவில்லை.

அத்தை ஆஸ்பத்திரியிலிருந்து வந்தபோது அங்கிருந்த நர்ஸ் நகராட்சிக்கு எழுதி நமக்கு நாலாவதாக ஒரு தொட்டி வாங்கிக் கொடுத்தார். அதை மட்டும் வாரா வாரம் எடுப்பார்கள். கொஞ்ச நாள் படுக்கையில் இருந்தாளல்லவா, அந்தச் சமாச்சாரங்களுக்காக. அந்தத் தொட்டியைத்தான் போன மாதம் நகராட்சிக்காரர்கள் பட்டப்பகலில் தூக்கிக்கொண்டு போய்விட்டார்கள். காரணம் என்ன என்று கேட்டால் ஒருவரிடமும் காரணம் இல்லை. எனக்கு அது திரும்ப வேண்டும். அத்தை ஓடியாடினாலும் வீடு என்றால் குப்பை சேரத்தான் செய்யும்.

இப்போது எல்லாம் ஒரே கறுப்புத் தொட்டிக்குள் அடங்க வேண்டும். மூடி முழுசாக மூடவில்லை என்றால் எடுக்க மாட்டார்கள். வண்டியில் தொங்கிக்கொண்டு வருகிற ஒருவர் இருக்கிறார், நான் அவருக்கு மூடி மாஸ்டர் என்று பெயர் வைத்திருக்கிறேன். குதித்து இறங்குவார், மூடிக்கும் தொட்டிக்கும் நடுவில் ஒரு விரலை விடுவார். விரல் உள்ளே போனால் தொட்டி தப்பு. சிவப்பாக ஒரு ஸ்டிக்கரை ஒட்டிவிட்டு ஏறிக்கொள்வார். மூன்று ஸ்டிக்கர் விழுந்தால் மூன்று மாதத்துக்கு அந்த வீட்டுப் பக்கமே வண்டி திரும்பாது. குப்பையை வைத்துக்கொண்டு நாம் அழகு பார்க்க வேண்டியதுதான்.

நேற்று, வியாழக்கிழமை, என்ன செய்தேன் தெரியுமா? ஆறு மணிக்கே மூடியை அழுத்தி அதன் மேல் ஏறி உட்கார்ந்துவிட்டேன். எண்பது கிலோ கனம், மூடி கப்பென்று மூடிக்கொண்டது. வண்டி ஏழே முக்காலுக்கு வந்தது. போகிற வருகிறவர்கள் எல்லாம் சிம்மாசனத்தில் இருக்கிற ராஜாவைப் பார்ப்பதுபோல் பார்த்தார்கள். மூடி மாஸ்டர் இறங்கி வந்து, "எறங்குங்க பெரியவரே, ஆளோட சேத்துத் தூக்க மாட்டோம்" என்றார். "நீ தொட்டியப் பிடி, நான் எறங்கறேன்" என்றேன். நான் இறங்கியதும் மூடி பொங்கி எழுந்தது. விரல் என்ன, முழங்கையே போகும். முதல் ஸ்டிக்கர்.

சும்மா விடுவேனா? நேற்றே நகராட்சி ஆபீசுக்குப் போனேன். இரண்டாம் மாடி, நாலாம் கவுண்டர். நான் குரலை உயர்த்தியதும் ஆபீஸ் முழுக்க எழுந்து நின்றுவிட்டது. கவுண்டரில் இருந்த பெண் வெலவெலத்துப்போய், "ஐயா, தொட்டிய திரும்பக் கேக்கணும்னா ஆறு-பி படிவம் எழுதிக் கொடுங்க" என்று கையெடுத்துக் கும்பிட்டாள். இரண்டு பக்கப் படிவம். வாங்கி வந்து அலமாரியில் வைத்திருக்கிறேன். அதில் கேட்டிருக்கிற கேள்விகள் ஒரு கௌரவமான குடும்பத்திடம் கேட்கிற கேள்விகள் இல்லை. எழுத மாட்டேன். படிவம் இல்லாமலே அந்தத் தொட்டியை வாங்கிக் காட்டுகிறேனா இல்லையா பார்.

நேரத்துக்குச் சாப்பிடு. வேலையில் யாருக்கும் பயப்படாதே, நீ யாருடைய மருமகள் என்று நினைத்துக்கொள். நூறு வயது நன்றாயிரு.

உன் மாமன்

*

செவ்வாய்க்கிழமை

அன்பு மருமகளே,

உன் கடிதம் கிடைத்தது. என் கடிதம் ஐந்து பக்கம், உன் பதில் ஐந்து வரி. அதில் நாலு வரி கேள்வி. அத்தை ஓடியாடுகிறாள் என்றால் நாலாவது தொட்டி எதற்கு என்று கேட்டிருக்கிறாய். படிக்க வைத்தது தப்பு என்று இப்போது தெரிகிறது. பழைய சாமான்களைக் கழிக்கிறேன், போதுமா?

இங்கே நிலைமை முற்றிவிட்டது. நகராட்சிக்குப் போன் செய்தால் ஒரு பெண் குரல், "உங்கள் அழைப்பு எங்களுக்கு மிக முக்கியம். நீங்கள் வரிசையில் பதினேழாவது" என்கிறது. பிறகு பாட்டு. ஐம்பது நிமிஷம் பாட்டுக் கேட்டுப் பதினேழிலிருந்து மூன்றுக்கு வந்தேன். அதற்குள் அத்தை உள்ளேயிருந்து கூப்பிட்டாள், என்னவென்று பார்த்துவிட்டு வந்தால் லைன் போய்விட்டது. திரும்பப் போட்டேன். இருபத்திரண்டாவது. அந்தப் பாட்டு இப்போது எனக்கு இசைக்கருவியோடு மனப்பாடம். மறுநாள் ஒரு ஆள் எடுத்தே விட்டான். முழுக் கதையையும் சொன்னேன். பொறுமையாகக் கேட்டுவிட்டு, "சார், இது தண்ணி பிரிவு" என்றான்.

வீட்டுக்குள் வாடை வர ஆரம்பித்தது. கறுப்புத் தொட்டியோ நிறைந்து நிற்கிறது, அடுத்த வண்டிக்கு ஒன்பது நாள் இருந்தது. என்ன செய்வேன்? ஒரு பையில் கட்டி எடுத்துக்கொண்டு மதியம் பேருந்து ஏறினேன், பெரிய பூங்காவில் வாசலுக்கு வாசல் தொட்டி வைத்திருக்கிறார்களே என்று. ஏறிய பிறகுதான் பார்க்கிறேன், ஓட்டுகிறவன் என்னிடம் வண்டி பழகியவன். கண்ணாடியிலேயே பார்த்துவிட்டு, "வாங்கண்ணே! என்னண்ணே பையில, வாசம் தூக்குது, மீனா?" என்றான். வண்டி முழுக்கத் திரும்பிப் பார்த்தது. "ஆமாப்பா, மீன்தான். பெரிய மீன்" என்றேன். எனக்குப் பக்கத்தில் இருந்த அம்மாள் எழுந்து முன்னால் போய்விட்டாள்.

பூங்காவில் தொட்டிக்குள் பையை வைக்கவில்லை, அதற்குள் காவலாளி விசில் ஊதிவிட்டான். "வீட்டுக் குப்பைய இங்க போடக் கூடாது, எடுங்க எடுங்க." நான் யார் என்று சொன்னேன். எந்த எந்தத் தடத்தில் ஓட்டினேன் என்று சொன்னேன். அவன் என் பையையே பார்த்துக்கொண்டிருந்தான். எடுத்துக்கொண்டு திரும்பி வந்து நின்றால், வருகிறது அதே பேருந்து. "என்னண்ணே, மீன் விக்கலியா?" என்றான் அந்தப் பயல்.

வீட்டு வாசலில் இறங்கும்போது எதிர் வீட்டு அம்மாள் ஜன்னலில் நின்றிருந்தாள். உனக்கு ஞாபகம் இருக்கும், தையல் கடை வைத்திருந்தவள், தெருவில் யார் எத்தனை மணிக்கு எந்தச் சட்டையோடு போனார்கள் என்று கேட்டால் சொல்வாளே. அவளுக்குக் கேமரா அக்கா என்று பெயர் வைத்தவனே நான்தான். சாலையைக் கடந்து வந்தாள், என் கையிலிருந்து பையை வாங்கினாள், கொண்டுபோய்த் தன் கறுப்புத் தொட்டியில் போட்டு மூடினாள். "எங்க வீட்ல நானும் பூனையுந்தான். பாதித் தொட்டி காலியாத்தான் கெடக்கு. நாளைக்கும் கொண்டாங்க" என்றாள். பழைய துணிதான் என்று சொன்னேன். "ஆமா, துணிதான்" என்றாள்.

நேற்று வியாழனுக்குப் பதிலாகத் திங்களே வண்டி வந்துவிட்டது. எந்த அறிவிப்பும் இல்லை. வண்டியில் ஏதோ பழுதாம், வரிசை மாறிவிட்டதாம். முப்பத்தொரு வருஷத்தில் என் வண்டி ஒரு நாளாவது கிழமை மாறி ஓடியிருக்குமா? நம் தொட்டி உள்ளே நின்றது, நான் இழுத்து வருவதற்குள் அவசரத்தில் மூடி திறந்துகொண்டது. இரண்டாம் ஸ்டிக்கர். கேமரா அக்காவின் தொட்டியைக் கவிழ்த்தபோது நம் பை கிழிந்து சாலையில் விழுந்தது. மூடி மாஸ்டர் குனிந்து பார்த்தார், நிமிர்ந்து என்னைப் பார்த்தார். அடுத்தவர் வீட்டுக் குப்பையைப் போட்டதற்கு அவளுக்கும் ஒரு ஸ்டிக்கர். இந்தத் தெருவில் நாற்பது வருஷமாக ஒரு கெட்ட பெயர் எடுக்காதவள். மன்னிப்புக் கேட்கலாம் என்று போனேன். "இருக்கட்டும், எனக்கு இன்னும் ரெண்டு ஸ்டிக்கர் பாக்கியிருக்கு" என்றாள்.

நமக்கு ஒன்றுதான் பாக்கி. ஆனாலும் ஒன்றும் கவலைப்படாதே. மேலிடத்தில் பேசிக்கொண்டிருக்கிறேன். ஞாயிறு போன் செய்யாதே, அத்தை வெளியூர் போவாள் போலிருக்கிறது.

நன்றாயிரு, தாயே.

மாமன்

*

சனிக்கிழமை, காலை

அன்பு மருமகளே,

இந்தக் கடிதத்தை உட்கார்ந்து படி.

அத்தை வெளியூர் போகவில்லை. கடைக்கும் போகவில்லை. ஆறு மாதமாகக் கட்டிலை விட்டு அவள் இறங்கவில்லை. டாக்டர் சொன்னது நான் எழுதியது அல்ல. எலும்பு கூடவில்லை என்றார். இன்னொரு ஆபரேஷனை இவருடைய இதயம் தாங்காது, படுக்கையிலேயே நன்றாகப் பார்த்துக்கொள்ளுங்கள் என்றார். கையைப் பிடித்தது உண்மை. அதை மட்டும் நான் சேர்த்து எழுதவில்லை.

போன கடிதங்களில் வேறு சிலதையும் சரி செய்ய வேண்டும். நான் குரல் கொடுத்ததும் ஆபீஸ் முழுக்க எழுந்து நின்றது என்று எழுதினேன். எழுந்தார்கள். அது சாப்பாட்டு நேரம். கவுண்டர் பெண் கும்பிடவும் இல்லை, ஜன்னல் கதவைச் சாத்தக் கையைத் தூக்கினாள்.

அந்தத் தொட்டியைக் காரணமில்லாமல் தூக்கிப்போனார்கள் என்று எழுதினேனே, காரணம் நான்தான். கேள். அந்த நாலாவது தொட்டிக்கு மஞ்சள் மூடி. படுக்கையில் நோயாளி இருக்கிற வீட்டுக்கு மட்டும் கொடுப்பது. தெருவில் எல்லாருக்கும் அது தெரியும். வாசலில் மஞ்சள் மூடி நின்றால், வீட்டுக்குள் எந்த நிலைமையில் யார் இருக்கிறார்கள் என்று போகிறவன் வருகிறவனுக்கெல்லாம் போர்டு எழுதி மாட்டிய மாதிரி. எனக்குப் பொறுக்கவில்லை. வாசல் கேட்டுக்கு அடித்தது போக மிச்சமிருந்த கறுப்புப் பெயின்ட்டை எடுத்து மூடிக்கு இரண்டு கோட் அடித்தேன். நன்றாகத்தான் அடித்தேன், கம்பெனி வேலை மாதிரி.

வியாழக்கிழமை வண்டி வந்தது. அவர்கள் பட்டியலில் நம் வீட்டுக்கு மஞ்சள் மூடி. வாசலில் இருப்பது இரண்டும் கறுப்பு. எங்கிருந்தோ திருடிக்கொண்டு வந்த தொட்டி என்று எழுதிக்கொண்டு போய்விட்டார்கள். நாலு நாள் கழித்து விசாரிக்க ஒரு பெண் வந்தாள், கையில் பெரிய போன் மாதிரி ஒன்றை வைத்துக்கொண்டு. மரியாதையான பெண். வாசலில் நின்றபடியே, "வீட்ல படுக்கையில இருக்கவங்க யாராவது இருக்காங்களாய்யா?" என்று கேட்டாள். இருக்கிறாள் என்று ஒரு வார்த்தை சொன்னால் முடிந்துபோயிருக்கும். புது மூடியே போட்டுக் கொடுத்திருப்பாள். என் நாக்கு சும்மா இருந்ததா? "இந்த வீட்லயா? என் பொண்டாட்டி இப்பத்தாம்மா கடைக்குப் போனா. அவ நடைய பஸ்ஸாலயும் பிடிக்க முடியாது" என்றேன். அவள் சிரித்துக்கொண்டே போனில் ஏதோ தட்டினாள். மறுநாள் தொட்டியை எடுத்துப்போனார்கள்.

அந்தப் பெண் போனதும் உள்ளேயிருந்து அத்தையின் குரல் வந்தது. "ஏங்க, எந்தக் கடைக்குப் போயிருக்கேன்? வரும்போது என்ன வாங்கிட்டு வரணும்?"

கதவு திறந்திருந்ததை நான் யோசிக்கவில்லை. ஞாயிற்றுக்கிழமைகளில் உன்னிடம் போனில் சொன்னதெல்லாமும் அவள் காதில் விழுந்துகொண்டுதான் இருந்திருக்கிறது. "ஆறு மாசமா கடைக்குப் போய்க்கிட்டே இருக்கேன், ஒரு தீப்பெட்டிகூட வாங்கிட்டு வரல" என்று சொல்லிச் சிரித்தாள். போனை அவளிடம் கொடுக்காததற்கு வேறு காரணம் ஒன்றும் இல்லை. அவள் உன்னிடம் பொய் சொல்ல மாட்டாள். அதனால்தான்.

இதையெல்லாம் நான் சாகிறவரை உனக்கு எழுதியிருக்க மாட்டேன். எழுத வைத்தது ஒரு தண்ணீர்க் கூஜா.

தினமும் காலையில் அவள் தலைமாட்டில் ஒரு கூஜாத் தண்ணீர் வைப்பேன், சாயங்காலம் காலியாக இருக்கும். இந்த இரண்டு வாரமாக அது பாதிகூடக் குறையவில்லை. ரொட்டியில் பாதி அப்படியே இருக்கும். பசியில்லை, தாகமில்லை என்பாள். நானும் வெயில் குறைந்துவிட்டது, அதனால்தான் என்று நினைத்துக்கொண்டேன். புதன்கிழமை உதடெல்லாம் வெடித்து, கண்ணைத் திறக்கவே சிரமப்பட்டாள். கிளாஸை வாயருகில் கொண்டுபோனேன். தலையைத் திருப்பிக்கொண்டாள். "வேணாங்க. குடிச்சா மாத்தணும். மாத்துனா தொட்டி நெறையும். மூடி மூடணுமில்ல?" என்றாள்.

மருமகளே, நான் ஐம்பது பேரை ஏற்றிக்கொண்டு பிரேக் இல்லாத வண்டியை மேட்டில் ஏற்றி நிறுத்தியவன். அது ஐம்பது பேர் இல்லை, பன்னிரண்டு பேர்தான், இருந்தாலும் நிறுத்தினேன். அன்றைக்கு யாரையும் உதவிக்குக் கூப்பிடாதவன், புதன்கிழமை அந்தக் கிளாஸோடு வாசலுக்கு ஓடினேன். அவள் தாகத்தை அடக்கிக்கொண்டு படுத்திருந்திருக்கிறாள். மூடி மாஸ்டரின் விரல் உள்ளே போய்விடக் கூடாது என்பதற்காக. என் மூன்றாவது ஸ்டிக்கருக்காக. நான் அடித்த இரண்டு கோட் பெயின்ட்டுக்காக.

கேமரா அக்காவைக் கூப்பிட்டேன். ஓடி வந்தாள். இருவருமாக ஸ்பூன் ஸ்பூனாகக் கொடுத்தோம். அத்தை வாயைத் திறக்கவில்லை. அப்போது அக்கா, "இங்க பாரு, என் தொட்டி காலி. என் பூனை உன்னவிட அதிகமா குப்பை போடுது. குடிக்கறியா, இல்ல தெருவுல போற அத்தன பேரையும் கூட்டிட்டு வந்து ஊத்தச் சொல்லவா?" என்று ஒரு அதட்டல் போட்டாள். அத்தை சிரித்துவிட்டாள், சிரிப்போடு இரண்டு வாய் குடித்தாள். சாயங்காலம் டாக்டர் வந்து பார்த்தார். இன்னும் இரண்டு நாள் விட்டிருந்தால் கிட்னிக்கு ஆபத்து என்று சொன்னார். இப்போது பரவாயில்லை. இந்த "பரவாயில்லை"யை நீ நம்பலாம்.

வாசலில் அக்காவிடம், மூடி விஷயம் உனக்கு எப்போது தெரியும் என்று கேட்டேன். "நீங்க பெயின்ட் அடிச்ச அன்னைக்கே. நல்லாத்தான் அடிச்சிருந்தீங்க. ஓரத்துல மட்டும் மஞ்சள் தெரிஞ்சுது. சொன்னா வருத்தப்படுவீங்கன்னு விட்டுட்டேன்" என்றாள். தெருவுக்கே தெரிந்திருக்கிறது. தெரியாத மாதிரி ஆறு மாதம் நடித்தது தெருதான், நான் இல்லை.

மறுநாளே ஆறு-பி படிவத்தை அலமாரியிலிருந்து எடுத்தேன். அத்தையின் கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து, அவள் சொல்லச் சொல்ல எழுதினேன். நோயாளி தானே எழுந்து நடப்பாரா? இல்லை. கழிப்பறைக்குப் போவாரா? இல்லை. கழிவின் வகை? டயப்பர். அந்த வார்த்தையை எழுத எனக்கு மூன்று கடிதம் ஆகியிருக்கிறது பார். ஒரு நாளைக்கு எத்தனை என்ற இடத்தில் நான் இரண்டு என்று போடப் போனேன். "அஞ்சுன்னு போடுங்க. இனிமே தண்ணி குடிப்பேன்ல?" என்றாள்.

அவளே கையெழுத்தும் போட்டாள். படுத்துக்கொண்டு போட்டதால் கோணலாக இருக்கும்.

கடைசியில் ஒரே ஒரு கேள்வி மிச்சம். மஞ்சள் மூடித் தொட்டி எவ்வளவு காலத்துக்குத் தேவை? மூன்று கட்டம் போட்டிருக்கிறார்கள். மூன்று மாதம். ஆறு மாதம். நிரந்தரமாக. ஒன்றில் டிக் செய்ய வேண்டும். பேனாவை எடுத்துக்கொண்டு எவ்வளவு நேரம் உட்கார்ந்திருந்தேன் என்று எனக்கே தெரியாது. அத்தை, "மூணாவதுல போடுங்க. வண்டிய வளைக்கற மாதிரி வளைக்காதீங்க, நேராப் போடுங்க" என்றாள். பேனாவில் மை தீர்ந்துவிட்டது என்றேன். "அப்ப நான் கடைக்குப் போய் வேற வாங்கிட்டு வரவா?" என்றாள்.

முதல் கட்டத்தில் போட்டால் பொய் எழுதியவனாவேன். அதற்குப் பயமில்லை, பழக்கம்தான். மூன்றாவதில் போட என் கை வரவில்லை. நிரந்தரம் என்று ஒரு நகராட்சிக்காரன் அச்சடித்து வைத்திருக்கிற கட்டத்துக்குள் என் கையால் எப்படி டிக் போடுவேன், சொல்?

அதனால் அந்த இடத்தை மட்டும் காலியாக விட்டுப் படிவத்தை இந்த உறையிலேயே வைத்திருக்கிறேன். நீ படித்தவள். பார்த்து நீ போடு. எந்தக் கட்டத்தில் போட்டாலும் நான் ஒரு வார்த்தை எதிர்த்துப் பேச மாட்டேன், இது சத்தியம், இதில் ஜோடனை இல்லை. மாதக் கடைசிக்குள் நாலாம் கவுண்டரில் கொடுக்க வேண்டும். அதுவரை கேமரா அக்காவின் தொட்டியில் ஓடும், அவளுக்கு இன்னும் இரண்டு ஸ்டிக்கர் இருக்கிறது.

ஒன்று மட்டும் சொல்லிவிடுகிறேன். தபாலில் திருப்பி அனுப்பாதே. மடிப்பு விழுந்த படிவத்தை அந்தக் கவுண்டரில் வாங்க மாட்டார்கள். நானே நாலாக மடித்துத்தான் வைத்திருக்கிறேன், அது வேறு விஷயம். நீ கையிலேயே கொண்டு வா. லீவு கிடைக்காது என்று சொல்வார்கள். தாய்மாமன் நகராட்சியோடு பெரிய யுத்தத்தில் இருக்கிறான், ஆள் தேவைப்படுகிறது என்று சொல்லிக் கேள். எந்த வண்டியில் வருகிறாய் என்று எழுது, நிலையத்தில் வந்து நிற்கிறேன். எண்பது கிலோ என்று எழுதினேனே, இப்போது அவ்வளவு இல்லை, பார்த்துப் பயப்படாதே.

உனக்கு நோய்நொடி எதுவும் அண்டாமல், நினைத்ததெல்லாம் நடந்து, நீ நன்றாக இருக்க வேண்டும் என்று அத்தை சொல்லச் சொன்னாள். உன் கட்டிலுக்கு விரிப்பு மாற்றச் சொல்லிவிட்டாள்.

சீக்கிரம் வா, தாயே. நீ வருகிற அன்றைக்கு அத்தை கடைக்குப் போக மாட்டாள். வீட்டில்தான் இருப்பாள்.

உன் மாமன்